லாபம் கூடியும் பங்கு விலை ஏன் இறங்குகிறது? நிறுவனக் கணக்கைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"லாபம் கூடியிருக்குன்னு அறிவிச்சாங்க, மறுநாளே பங்கு இறங்கிடுச்சே, ஏன்?" சிங்கப்பூரில் புதிதாகப் பங்கு வாங்கத் தொடங்கும் யாரும் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். எல்லாம் பெரிய கைகளின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் பெரும்பாலான சமயம் பதில் நிறுவனத்தின் கணக்கிலேயே இருக்கும். எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது, எந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்று தெரிந்தால் போதும்.

பங்கு விலை இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டும் லாபம். இன்னொன்று, அந்த லாபத்துக்குச் சந்தை கொடுக்கத் தயாராக இருக்கும் மடங்கு. இதைத்தான் பிஇ விகிதம் என்கிறார்கள். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கு 10 காசு லாபம், சந்தை தருவது 15 மடங்கு, ஆக விலை 1.50 வெள்ளி. அடுத்த ஆண்டு லாபம் 11 காசாகக் கூடுகிறது. ஆனால் இனி பெரிதாக வளராது என்று சந்தை நினைப்பதால் மடங்கு 12-க்கு இறங்குகிறது. விலை 1.32 வெள்ளி. லாபம் 10 விழுக்காடு ஏறியும் விலை 12 விழுக்காடு இறங்கிவிட்டது. முதல் எண்ணை நிறுவனம் அறிவிக்கிறது. இரண்டாவது எண்ணை யாரும் அறிவிப்பதில்லை. விலையைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு எண்களையும் எது அசைக்கிறது என்று தேடுவதற்காகத்தான்.

படி 1: பணம் எந்த வழியாக வருகிறது?

விகிதங்களுக்குப் போகும் முன், நிறுவனத்தின் லாபத்தை அசைக்கும் ஒன்றிரண்டு காரணங்களை எழுதிவையுங்கள். ஒன்றிரண்டு போதும். பத்து எழுதினால் எதையும் கவனிக்க மாட்டோம்.

வங்கி என்றால், கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புத்தொகைக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளிதான் முதல் காரணம். டிபிஎஸ் வங்கிக்கு இந்த இடைவெளி 2021-ல் 1.45 விழுக்காடு. உலகம் முழுக்க வட்டி ஏறியதும் 2023-ல் 2.15 விழுக்காடு. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் நூற்றுக்கணக்கான பில்லியன் வெள்ளி சொத்தின் மேல் அது விழும்போது, 2021-ல் சுமார் 6.8 பில்லியன் வெள்ளியாக இருந்த நிகர லாபம் 2023-ல் 10 பில்லியனைத் தாண்டியது. கிளை கூடியதால் வந்த லாபம் இல்லை இது. பெரும்பகுதி வட்டியால் வந்தது. அப்படியென்றால் வட்டி இறங்கும்போது என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வரும். சந்தை அதைத்தான் கேட்டது. ஆறாம் படியில் அதற்கு வருகிறேன்.

தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சுவாரசியமான உதாரணம். பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் அதன் மதிப்பின் பெரும்பகுதி வெளிநாட்டு இணை நிறுவனங்களில் இருக்கிறது: இந்தியாவின் ஏர்டெல், இந்தோனீசியாவின் டெல்கொம்செல், தாய்லாந்தின் ஏஐஎஸ், பிலிப்பீன்ஸின் குளோப். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவசமாக டேட்டா கொடுத்ததும் இந்தியாவில் கட்டணப் போர் வெடித்தது. மதுரையில் அத்தை மாதக்கணக்கில் பைசா செலவில்லாமல் வீடியோ பார்த்ததற்கும், இங்கே சிங்டெல் லாபம் அடிவாங்கியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 4 வெள்ளிக்கு மேல் இருந்த பங்கு 2020 அக்டோபரில் 2 வெள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு ஏர்டெல் கட்டணத்தை ஏற்ற, சிங்டெல்லும் சொத்துகளை விற்றுப் பங்குதாரர்களுக்குக் கொடுக்கத் தொடங்க, 2025-ல் விலை மீண்டும் 4 வெள்ளியைத் தொட்டது. சிங்கப்பூரில் எத்தனை பேர் சிங்டெல் சிம் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த இறக்கமும் புரிந்திருக்காது, ஏற்றமும் புரிந்திருக்காது.

படி 2: தலைப்புச் செய்தி லாபத்திலிருந்து ஒருமுறை வந்ததைக் கழியுங்கள்

செய்தியில் வரும் நிகர லாபத்துக்குள் அடுத்த ஆண்டு திரும்பி வராத பணம் கலந்திருக்கலாம். கட்டடம் விற்ற லாபம், சொத்தின் மறுமதிப்பீடு, துணை நிறுவனத்தை இணைத்ததால் வந்த கணக்கு ஆதாயம் இப்படி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2024/25 நிதியாண்டில் சுமார் 2.78 பில்லியன் வெள்ளி நிகர லாபம் அறிவித்தது. அதுவரை இல்லாத சாதனை. ஆனால் அதில் ஏறத்தாழ 1.1 பில்லியன், தான் பங்கு வைத்திருந்த இந்திய விமான நிறுவனமான விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைத்ததால் வந்த, ரொக்கமாகக் கைக்கு வராத கணக்கு ஆதாயம். பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிச் சம்பாதித்த செயல்பாட்டு லாபமோ 2.73 பில்லியனிலிருந்து 1.71 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, இரண்டும் ஒரே அறிக்கையில்தான் இருந்தன. முதல் வரியோடு படிப்பதை நிறுத்தியவருக்குச் சாதனை. அடுத்த பக்கத்துக்குப் போனவருக்குச் சரிவு.

செய்ய வேண்டியது எளிது. வருமான அறிக்கையில் செயல்பாட்டு லாபம் என்ற வரியை எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் விற்பனையையும் எழுதுங்கள். விற்பனை ஏறியும் செயல்பாட்டு லாபம் ஏறவில்லை என்றால் போட்டி அழுத்துகிறது, இல்லையென்றால் செலவு கையை மீறுகிறது. நிர்வாகத்தின் விளக்கத்தில் இரண்டில் எது என்று தேடுங்கள்.

படி 3: லாபம் ரொக்கமாக வருகிறதா?

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். லாபம் என்பது கணக்காளரின் மதிப்பீடுகள் கலந்த எண். ரொக்கம் வங்கிக்கணக்கில் இருக்கும், இல்லையென்றால் இருக்காது. பணப்புழக்க அறிக்கையில் செயல்பாடுகளிலிருந்து வந்த நிகர ரொக்கம் என்று ஒரு வரி வரும். ஐந்தாண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்தாண்டுச் செயல்பாட்டு ரொக்கத்தையும் கூட்டுங்கள். இரண்டும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். இயந்திரங்கள் பழசாவதற்காக லாபத்தில் கழிக்கும் தேய்மானத்துக்குக் கையிலிருந்து பணம் போவதில்லை என்பதால், நல்ல நிறுவனத்தில் ரொக்கம் லாபத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். தலைகீழாக இருந்தால் காரணம் தெரியும்வரை அந்தப் பங்கைத் தொட வேண்டாம். வங்கிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. பணம் வந்து போவதே அவற்றின் வியாபாரம்.

நோபல் குரூப் ஒரு காலத்தில் சிங்கப்பூரின் முக்கியப் பங்குக் குறியீடான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் இடம்பெற்றிருந்த, பல பில்லியன் மதிப்புள்ள மூலப்பொருள் வர்த்தக நிறுவனம். 2015 பிப்ரவரியில் ஐஸ்பர்க் ரிசர்ச் என்ற பெயரில் ஓர் அறிக்கை வந்தது. நீண்டகால ஒப்பந்தங்களிலிருந்து வருங்காலத்தில் வரக்கூடிய பணத்தின் மதிப்பை இப்போதே லாபமாகக் காட்டுகிறார்கள், ரொக்கம் அதற்கு ஈடாக வரவில்லை என்பது அதன் சாரம். நிறுவனம் மறுத்தது. ஆனால் விலை சரிந்துகொண்டே போனது. 2018-ல் கடன் மறுசீரமைப்போடு பங்கு முடங்கியது. 2022-ல் சிங்கப்பூர் நாணய ஆணையம், தவறாக வழிநடத்தும் தகவல்களை நிதி அறிக்கைகளில் வெளியிட்டதற்காக 12.6 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. அந்த ஒப்பந்தங்களின் நுணுக்கம் நமக்குப் புரிந்திருக்க வேண்டியதில்லை. லாபமும் ரொக்கமும் வெவ்வேறு திசையில் போனது எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் இருந்தது.

ஹைஃபிளக்ஸ் கதையில் வலி அதிகம், ஏனென்றால் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண மக்கள். 2016-ல் ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று அசலைத் திருப்பித்தரக் கெடு இல்லாத 500 மில்லியன் வெள்ளி நிரந்தரக் கடன்பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். தண்ணீர் நிறுவனம், தேசத்துக்குத் தேவையான தொழில், நம்பகமான பெயர். 2018 மே மாதம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டபோது முன்னுரிமைப் பங்குகளிலும் நிரந்தரப் பத்திரங்களிலுமாகச் சுமார் 34,000 பேரின் பணம் உள்ளே இருந்தது. நிறுவனம் முழு ஆண்டு நட்டத்தை முதன்முதலில் காட்டியது 2017-ல்தான். ஆனால் அதற்கு முன்பே, பெரும்பாலான ஆண்டுகளில் செயல்பாட்டு ரொக்கம் எதிர்மறையாகத்தான் இருந்தது.

இதோடு வரவேண்டிய பாக்கியையும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் விற்பனை 40 மில்லியன், வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 10 மில்லியன் என்றால் பணம் கைக்கு வரச் சராசரியாக 91 நாள். அடுத்த ஆண்டு விற்பனை 44 மில்லியன், பாக்கி 18 மில்லியன் என்றால் 149 நாள். செய்தியில் விற்பனை 10 விழுக்காடு உயர்வு என்றுதான் வரும். சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு விற்பனை காட்டியிருக்கிறார்களா என்ற சந்தேகம் நமக்கு வர வேண்டும். பின்னால் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்யும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

படி 4: கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது?

சிங்கப்பூரில் இந்தப் படி ரீட் எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு மிக முக்கியம். வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பகிர்ந்தளித்தால்தான் வரிச்சலுகை என்பதால் இவற்றிடம் சேமிப்பு தங்குவதில்லை. புதிய கட்டடம் வாங்கக் கடன், இல்லையென்றால் புதிய யூனிட் (ரீட்டின் பங்கு). சொத்து மதிப்பில் கடன் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நாணய ஆணையத்தின் வரம்பு.

சொத்து 100, கடன் 40 என்று வையுங்கள். யூனிட் வைத்திருப்பவர்களின் பங்கு 60. சொத்து மதிப்பு 15 விழுக்காடு இறங்கினால் 85. கடன் அப்படியே 40. நம் பங்கு 45, அதாவது 25 விழுக்காடு காலி. கடன் விகிதமும் 47-க்கு ஏறி வரம்பின் ஓரத்துக்கு வந்துவிட்டது. வீட்டின் விலை இறங்கியும் வங்கித் தவணை குறையாதவருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

மனுலைஃப் யுஎஸ் ரீட் 2016-ல் 83 அமெரிக்கக் காசுக்குப் பட்டியலிடப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு அமெரிக்க அலுவலகங்கள் காலியாகி, சொத்து மதிப்பு இறங்கி, 2023-ல் கடன் ஒப்பந்த நிபந்தனை மீறப்பட்டு, பகிர்ந்தளிப்பும் நின்றது. விலை 10 காசுக்கும் கீழே போனது. இறங்கும் வழியெல்லாம் புத்தக மதிப்பைவிட (கணக்கின்படி சொத்திலிருந்து கடனைக் கழித்தது) மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு. அந்தப் புத்தக மதிப்பே அடுத்த மதிப்பீட்டில் மாறப்போகும் எண் என்பதுதான் சிக்கல்.

ஆகவே மூன்று விஷயம் பாருங்கள்: கடன் விகிதம், செயல்பாட்டு லாபம் வட்டியைப் போல் எத்தனை மடங்கு, அடுத்த இரண்டு ஆண்டில் புதுப்பிக்க வேண்டிய கடன் எவ்வளவு. மூன்றும் ரீட்டின் விளக்கக் கோப்பிலேயே இருக்கும்.

படி 5: பங்குகளின் எண்ணிக்கை

பலரும் தாண்டிப்போகும் படி, ஐந்து நிமிட வேலைதான். நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தது என்பதைவிட என் ஒரு பங்குக்கு எவ்வளவு வந்தது என்பதே எனக்கு வேண்டியது. 2020-ல் உயிர்பிழைக்கப் பணம் தேவைப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பங்குக்கு மூன்று உரிமைப் பங்கு என்று 3 வெள்ளி விலையில் வெளியிட்டது. ஏறத்தாழ 1.2 பில்லியனாக இருந்த பங்குகள் 3 பில்லியனை நெருங்கின. கட்டாயமாகப் பங்காக மாறும் பத்திரங்கள் வேறு. அதனால் 2023/24-ல் அந்நாள்வரை இல்லாத சாதனையாக 2.67 பில்லியன் லாபம் வந்தபோதும், 2 பில்லியனைச் சற்றே தாண்டிய 2007/08-ஐவிட ஒரு பங்குக்கான லாபம் குறைவுதான். 'லாபம் இவ்வளவு, விலை ஏன் பழைய உச்சத்துக்குப் போகவில்லை?' என்று கேட்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

படி 6: சந்தை எந்த மடங்கு தருகிறது, ஏன்?

டிபிஎஸ் கதைக்குத் திரும்புவோம். 2021 இறுதியில் பங்கு சுமார் 33 வெள்ளி. 2023 இறுதியிலும் சுமார் 33 வெள்ளி. இடையில் லாபம் ஏறக்குறைய பாதியளவு கூடியிருந்தது! ஈவுத்தொகை வந்ததைத் தவிர, விலையில் ஒன்றும் நடக்கவில்லை. மடங்கு 12-க்கு மேலிருந்து 9-க்குக் கீழே இறங்கி, லாப உயர்வை அப்படியே விழுங்கிவிட்டது. வட்டி ஏறப்போகிறது என்பதைச் சந்தை 2022 தொடக்கத்திலேயே விலையில் சேர்த்துவிட்டது. லாபம் உண்மையில் வந்துசேர்ந்தபோது அது இறங்கப்போகும் நாளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. பயந்த வேகத்தில் வட்டி இறங்காமல், சொத்து நிர்வாகக் கட்டண வருமானமும் ஏறியபோது 2024-ல் மடங்கு திரும்பி ஏறியது.

கையுறை தயாரிக்கும் டாப் குளோவ் இதைவிடக் கொடூரமான பாடம். மலேசிய நிறுவனம், இங்கும் பட்டியலில் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் முடிந்த நிதியாண்டில் கிட்டத்தட்ட 8 பில்லியன் ரிங்கிட் லாபம், வரலாறு காணாதது. பங்கு விலையோ 2020-லேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு, அந்தச் சாதனை ஆண்டு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. பிஇ 4, 5 என்று தெரிந்ததும் மலிவு என்று பாய்ந்தவர்களுக்கு, 2022-ல் நட்டக் காலாண்டு காத்திருந்தது. ஏற்ற இறக்கச் சுழற்சி உள்ள தொழிலில் பிஇ மிகக் குறைவாகத் தெரியும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம், ஏனென்றால் கீழே வகுக்கும் லாபம் உச்சத்தில் இருக்கிறது.

வெளியிலிருந்தும் மடங்கை ஒன்று இழுக்கும்: பாதுகாப்பான வட்டி. ஒரு ரீட் ஆண்டுக்கு 6 காசு தருகிறது, விலை 1 வெள்ளி. அரசாங்கப் பத்திரம் ஏறக்குறைய ஒன்றும் தராத காலத்தில் 6 விழுக்காடு கவர்ச்சிதான். 2022 டிசம்பரில் அரசாங்கத்தின் ஆறு மாதக் கடன்பத்திரமான டி-பில் 4.4 விழுக்காடு தந்தது. மத்திய சேம நிதிப் பணத்தில் அதை வாங்க வங்கிக் கிளைகளில் வரிசை நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ரீட்டிடம் 8 விழுக்காடு கேட்கத் தோன்றும். அதே 6 காசுக்கு 8 விழுக்காடு வேண்டுமென்றால் விலை 75 காசு. கடைவாடகை ஒரு வெள்ளி குறையாமலே விலையில் கால்பங்கு போய்விடும்.

சரி, ஒரு மடங்கு அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? நான் பயன்படுத்தும் முரட்டுக் கணக்கு: ஈவுத்தொகை விகிதமும் நீண்டகால வளர்ச்சியும் கூடினால் கிடைப்பதுதான் நமக்கு வரும் ஆதாயம். சேம நிதியின் சாதாரணக் கணக்கே சும்மா இருக்க 2.5 விழுக்காடு தருகிறது; பங்கின் ஆபத்துக்கு 8 விழுக்காடாவது வேண்டும் என்று வையுங்கள். பிஇ 25, லாபத்தில் பாதியை ஈவாகத் தரும் நிறுவனம் என்றால் ஈவு விகிதம் 2 விழுக்காடு. மீதி 6 விழுக்காடு வளர்ச்சியிலிருந்து வர வேண்டும், அதுவும் ஆண்டுதோறும், முடிவில்லாமல். சிங்கப்பூரில் மட்டும் கிளை வைத்திருக்கும் கடைக்கு அது முடியுமா? பிஇ 12 என்றால் ஈவு 4.2, தேவைப்படும் வளர்ச்சி 3.8. இதை நம்பலாம் போலிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு வணிக இதழ்களையும் யூடியூப்பையும் பார்த்துப் பழகியவர்கள் 40, 50 மடங்கை இயல்பு என்று நினைத்து, சிங்கப்பூரில் எல்லாமே மலிவு என்று முடிவுகட்டுகிறார்கள். இங்குள்ள குறியீட்டின் 30 நிறுவனங்களில் பெரிய எடை மூன்று வங்கிகளுக்கு. அப்புறம் ரீட்டுகள், முதிர்ந்த தொழில்கள். வேகமாக வளராதவை, ஆனால் ஈவு தருபவை. அந்த ஈவுக்கு இங்கே தனிநபருக்கு வரி கிடையாது. ஒப்பிட வேண்டுமானால் அதே நிறுவனத்தின் பத்தாண்டு மடங்கோடு ஒப்பிடுங்கள்.

படி 7: கணக்கே இல்லாமல் ஏறும் பங்கு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013-ல் புளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்டு என்ற மூன்று பங்குகள் அவற்றின் லாபத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஏறின. அக்டோபரில் சில நாள்களுக்குள் சுமார் 8 பில்லியன் வெள்ளி ஆவியானது. விலையைச் செயற்கையாக ஏற்றிய குற்றத்துக்கு நீதிமன்றம் பின்னர் நீண்ட சிறைத்தண்டனை விதித்தது. முதல் ஆறு படிகளை இந்தப் பங்குகளில் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாம் படியிலேயே நின்றிருப்போம்.

படி 8: முடிவுகள் வரும் நாளுக்கு முன்பே எழுதிவையுங்கள்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் அரையாண்டு முடிவுகளை 45 நாளுக்குள்ளும், முழு ஆண்டு முடிவுகளை 60 நாளுக்குள்ளும் வெளியிட வேண்டும். 2020-லிருந்து பெரும்பாலானவர்களுக்குக் காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை. வங்கிகளைப் போன்ற சில நிறுவனங்கள் தாமாகவே தருகின்றன. டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு பிப்ரவரி இறுதி, ஆகஸ்ட் 14 என்று கைப்பேசியில் குறித்துவையுங்கள். அறிவிப்புகள் எல்லாம் சந்தையின் இணையத்தளத்தில் இலவசம்.

முடிவு வருவதற்கு முந்தைய வாரம் நான்கு எண்களை எழுதுங்கள்: எதிர்பார்க்கும் செயல்பாட்டு லாபம், செயல்பாட்டு ரொக்கம், நிகரக் கடன் (கடனிலிருந்து கையிலுள்ள ரொக்கத்தைக் கழித்தது), இப்போதைய விலையில் உள்ள மடங்கு. வந்தபின் பக்கத்தில் உண்மை எண்களை எழுதுங்கள். விலை இறங்கியிருந்தால், உங்கள் எண்களில் எது தவறியது என்று பாருங்கள். எதுவும் தவறவில்லை, மடங்கு மட்டும் சுருங்கியிருக்கிறது என்றால் வட்டியையும் நிர்வாகம் வருங்காலத்தைப் பற்றிச் சொன்ன வரிகளையும் மறுபடி படியுங்கள். ரொக்கமோ கடனோ தவறியிருந்தால், அன்றைய விலையை விட்டுவிட்டு மூன்றாம், நான்காம் படிகளைப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆண்டறிக்கை வந்ததும் சிறு முதலீட்டாளர் சங்கமான சியாஸ் பல நிறுவனங்களுக்குக் கேள்விகள் அனுப்பும். பதில்கள் பொதுக்கூட்டத்துக்கு முன் அறிவிப்புப் பக்கத்தில் வந்துவிடும். கடன், ரொக்கம், நட்டத்தில் ஓடும் கிளைகள் என்று நேராக அடிக்கும் கேள்விகள். எண்பது பக்க வண்ணப்படங்களைப் புரட்டுவதைவிட இந்த நான்கைந்து பக்கம் பயன்படும். ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டங்களுக்கு நேரில் போகவும் ஒரு பங்கு இருந்தால் போதும். கறிபஃப் தட்டைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும் நேரத்தில் நிதித் தலைவர் பெரும்பாலும் ஓரமாகத் தனியாக நிற்பார். பாக்கி வசூல் ஏன் 149 நாள் ஆகிறது என்று அவரிடமே கேட்கலாம்.